கால் ஊன்றும் வண்டி

என் அண்ணன் ஆறடி எட்டங்குலம். நான் ஐந்தடி மூன்று. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்று சொன்னால் புதிதாகப் பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். "உங்க பங்கையும் அவரே எடுத்துக்கிட்டாரா?" என்று என்னிடம் கேட்பார்கள். அண்ணன்தான் பதில் சொல்வான். "கள்ளனை நம்பினாலும் குள்ளனை நம்பாதேன்னு சொல்லுவாங்க. நான் நாப்பது வருஷமா இவனை நம்பிக்கிட்டிருக்கேன். இன்னும் ஒண்ணும் ஆகலை."

அவன் போய் ஐந்து வாரம் ஆகிறது. வேலைக்குக் கிளம்பி, செருப்பு மாட்டக் குனிந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டான். இதயம் என்றார் மருத்துவர். அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் தெரியாது. அவன் என்னை நம்பி ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினான். அதைப் பற்றித் தெரியும்.

அண்ணன் தெருவிளக்குப் பிரிவில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தான். நான்கு பேர், ஒரு வேன், வேனின் கூரைமேல் ஒரு நீள ஏணி. பெரிய சாலைகளில் மற்றவர்கள் ஏணி போட்டு ஏறுவார்கள். வேனும் ஏணியும் நுழையாத சந்துகளில் விளக்குகள் வீட்டுச் சுவரோடு தாழ்வாக இருக்கும். அங்கே அண்ணன் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு ஏறி நின்றால் போதும், கை எட்டிவிடும். பிரிவில் அவனுக்குக் 'கம்பம்' என்று பெயர். "அந்தச் சந்துக்கு ஏணி எதுக்கு? கம்பத்தை அனுப்பு" என்பார் மேற்பார்வையாளர்.

சந்துகளில் அவன் தலையைக் குனிந்துகொண்டேதான் நடப்பான். கூச்சம் என்று பலர் நினைத்தார்கள். அப்படியில்லை. நிமிர்ந்து நடந்தால் எல்லோர் வீட்டு மதிலுக்கு மேலேயும் அவன் பார்வை போய்விடும். "ஒருத்தர் தலை வாரிக்கிட்டிருப்பாங்க, ஒருத்தர் அழுதுக்கிட்டிருப்பாங்க. நமக்கு எதுக்குடா அது?" என்பான். விளக்கு மாட்டும் அந்த ஐந்து நிமிடம்தான் அவன் முழுதாக நிமிர்ந்து நிற்பது. மேலே பார்த்துக்கொண்டு நிற்பதால் யார் வீடும் தெரியாது.

சென்ற ஆண்டின் தொடக்கத்தில் ஓர் உத்தரவு வந்தது. புதிய விளக்குகள் சீக்கிரம் பழுதாவதில்லை, அதனால் வேன் கிடையாது. ஆளுக்கொரு மோட்டார் சைக்கிள், மடக்கு ஏணி, கருவிப் பெட்டி. மூன்று மாதத்துக்குள் எல்லோரும் ஓட்டுநர் உரிமம் காட்ட வேண்டும். காட்டாதவர்களுக்கு ஸ்டோர் வேலை.

மற்ற மூவரிடமும் உரிமம் இருந்தது. அண்ணன் சைக்கிள்கூட ஓட்டியதில்லை. சின்ன வயதில் ஒருமுறை ஏறினான். முழங்கால் கைப்பிடியில் இடித்து விழுந்தான். அன்றோடு விட்டுவிட்டான்.

உத்தரவு வந்த அன்று மாலை அவன் வீட்டில் இருந்தேன். அண்ணிதான் முதலில் பேசினாள். அவள் ஒரு தையல் தொழிற்கூடத்தில் துணி வெட்டுபவள். எதையும் அளவோடு பேசுவாள்.

"ஸ்டோர்னா நல்லதுதானே? வெயில் இல்ல, மழை இல்ல."

"நீ அந்த இடத்தைப் பாத்ததில்ல" என்றான் அண்ணன்.

நான் பார்த்திருக்கிறேன். அலுவலகக் கட்டடத்துக்கு அடியில் நிலவறை. கூரை ஆறடி. தண்ணீர்க் குழாய்கள் ஓடுகிற இடத்தில் ஐந்தே முக்கால். நான் அங்கே தொப்பி போட்டுக்கொண்டே உலாவலாம். அண்ணன் விளக்கு வாங்கப் போனால் படியிலேயே உட்கார்ந்து உள்ளே இருப்பவரைக் கூப்பிடுவான்.

"எட்டு மணி நேரம்" என்றான். "இன்னும் பன்னெண்டு வருஷம் சர்வீஸ் இருக்கு. பன்னெண்டு வருஷம் குனிஞ்சுக்கிட்டே இருக்கணும்."

அண்ணி கொஞ்ச நேரம் அவன் கழுத்தையே பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "தம்பி, நீங்க தினமும் வண்டி ஓட்டறீங்க. இவருக்கு ஒண்ணு பாத்துக் குடுங்க."

இதில் ஒரு சிக்கல் இருந்தது. பிரிவு கொடுக்கப்போகும் வண்டிகள் பெரியவை. ஏற்கெனவே அலுவலக முற்றத்தில் வந்து நின்றன. அண்ணன் ஒன்றில் ஏறி உட்கார்ந்து பார்த்திருந்தான், நாற்காலியில் உட்கார்ந்தது போல இருந்ததாம். ஆனால் பழகுகிறவர்கள் சின்ன எஞ்சின் வண்டிதான் ஓட்டலாம் என்பது சட்டம். தேர்வுக்கும் அதைத்தான் கொண்டுபோக வேண்டும். அவனுக்குப் பொருந்துகிற வண்டியை ஓட்ட வேண்டுமானால், முதலில் பொருந்தாத வண்டியை ஓட்டிக் காட்ட வேண்டும்.

சனிக்கிழமை கடைக்குப் போனோம். விற்பனைப் பிரிவில் ஒரு பெண் இருந்தாள், இருபத்தைந்து வயதிருக்கும். அண்ணன் கதவில் குனிந்து நுழைந்ததும் அவள் தலை மெல்ல மேலே போனது. ஆனால் சிரிக்கவில்லை.

சாதாரண வண்டி ஒன்றில் முதலில் உட்கார்ந்தான். முழங்கால்கள் இரண்டும் கைப்பிடிக்கு மேலே வந்து நின்றன. வண்டி துடைத்துக்கொண்டிருந்தவர், "சார், வெட்டுக்கிளி மாதிரி இருக்கீங்க. ஒரு தாவு தாவினா வீட்டுக்கே போயிரலாம், வண்டி எதுக்கு?" என்றார். அண்ணனும் சேர்ந்து சிரித்தான். அடுத்தது ஸ்கூட்டர். முழங்கால் முன்பலகையில் முட்டியது, கைப்பிடியைத் திருப்பினால் முட்டியில் மாட்டிக்கொண்டது.

"நேராப் போறதுன்னா இது ஓகே" என்றான் அண்ணன். "வாழ்க்கையில எங்கயும் திரும்பக் கூடாது, அவ்ளோதான்."

அப்போது அந்தப் பெண் மூலையில் நின்ற ஒரு வண்டியைக் காட்டினாள். கரடுமுரடான பாதைக்காகச் செய்தது. எஞ்சின் சின்னதுதான். ஆனால் இருக்கை என் இடுப்புக்கு மேலே இருந்தது. ஒல்லியாக, கால் நீண்ட பறவை மாதிரி நின்றது. அண்ணன் காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்தான். முழங்கால்கள் எங்கேயும் இடிக்கவில்லை. கைப்பிடியை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்து, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கினவன் மாதிரி ஒரு சிரிப்பு சிரித்தான்.

"சீட்டுக்கும் கால் வைக்கிற கம்பிக்கும் நடுவுல எவ்ளோ இடம் இருக்குன்னுதான் பாக்கணும் சார்" என்றாள் அந்தப் பெண். "உயரமானவங்களுக்கு அதான் முக்கியம்."

"இறங்குண்ணா, நான் பாக்கறேன்" என்றேன்.

நான் ஏறி உட்கார்ந்தேன். என் இரண்டு காலும் அந்தரத்தில் தொங்கின. வண்டி லேசாகச் சாய்ந்தது. அந்தப் பெண் பிடித்துக்கொண்டாள். வண்டி ஓட்டத் தொடங்கிய நாளிலிருந்து சிக்னலில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒற்றைக் கால் நுனியில் நின்றே பழகியவன் நான். வண்டி என்றாலே எனக்கு முதல் கவலை, கால் தரையைத் தொடுமா என்பதுதான்.

"இது வேணாம்" என்றேன். "புதுசா கத்துக்கறவனுக்குக் கால் தரையில நல்லா ஊனணும்."

"அவருக்கு ஊனுதே சார்."

"ஊனும்மா. ஆனா இவ்ளோ உசரம், கொஞ்சம் ஆடினா சாஞ்சிரும்."

அவள் அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் என்னைப் பார்த்தான். நான் வேறொன்றைக் காட்டினேன். தாழ்ந்த இருக்கை, நீள உடம்பு, கால்களை முன்னால் நீட்டி உட்காரும் வகை. அண்ணன் உட்கார்ந்ததும் இரண்டு பாதமும் பலகை போலத் தரையில் படிந்தன. முழங்கால்கள் மட்டும் இரண்டு பக்கமும் விரிந்து நின்றன.

"முட்டி கொஞ்சம் இடிக்குதேடா."

"பழகினா சரியாயிடும்ணா. காலைப் பாரு, எப்படி ஊனுது!"

அந்த உயரமான வண்டியை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். "சரி, நீ தினமும் ஓட்டறவன். உனக்குத் தெரியாததா?" என்றான்.

என் காலால் அவனுக்கு வண்டி பார்த்தேன். நடந்தது அதுதான்.

மூடிக் கிடந்த ஒரு கிடங்குக்குப் பின்னால் சிமெண்டுத் தளம் இருந்தது. நான் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் உதவியாளன், மாலை ஐந்துக்கெல்லாம் வேலை முடிந்துவிடும். தினமும் அங்கே போனோம். அவன் கைகள் நுட்பமானவை. கிளட்சும் கியரும் ஒரு வாரத்தில் வந்துவிட்டன. விழுந்துவிடுவானோ என்ற பயம் எனக்குத்தான். பக்கத்திலேயே ஓடுவேன். வண்டி கொஞ்சம் தள்ளாடினாலும் "காலு!" என்று கத்துவேன். உடனே அவன் பாதம் இறங்கும். அந்தக் கால் தரையில் பட்டதும் வண்டி நட்டு வைத்தது போல நின்றுவிடும். எனக்கு மூச்சு வாங்கும். அவன் சிரிப்பான். "நீ ஓடற ஓட்டத்துக்கு உன் மேலயே ஏறிப் போயிரலாம்டா."

ஒன்றரை மாதத்தில் ஒருமுறைகூட விழவில்லை. அதில் எனக்குப் பெருமை வேறு.

தேர்வில் எட்டுப் போட வேண்டும். தரையில் வரைந்த எட்டின் மேலேயே ஒரு சுற்று. கால் தரையில் படக் கூடாது. பட்டால் அத்தோடு சரி.

முதல் தேர்வில் பாதி எட்டுக்கூட வரவில்லை. முதல் வளைவில் கைப்பிடி முழங்காலில் மாட்டி, வண்டி கோட்டைத் தாண்டி நேராகப் போய்விட்டது. வெல்டரிடம் கொண்டுபோய்க் கைப்பிடியை நான்கங்குலம் உயர்த்தினோம். வெல்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அண்ணனையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது உங்களுக்கான வண்டியே இல்ல சார். யாரு பாத்து வாங்கினது?"

"நான்தான்" என்றான் அண்ணன்.

நான் வெல்டரின் தீப்பொறியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இரண்டாவது தேர்வில் கைப்பிடி திரும்பியது. இரண்டாவது வளைவில் வண்டி லேசாகத் தள்ளாடியதும் பாதம் தானாக இறங்கிவிட்டது. தேர்வாளர் வயதானவர், மரியாதையானவர். "மத்தவங்களுக்கெல்லாம் கால் எட்டலைன்னு பிரச்சனை. உங்களுக்கு எட்டுதேன்னு பிரச்சனை" என்றார். "வண்டி தாழ்வா இருக்கு சார். கால் சும்மா இருந்தாலே தரைக்குப் பக்கத்துல இருக்கு."

மறுநாள் அண்ணனிடம் சொல்லாமல் கடைக்குப் போனேன். அந்தப் பெண் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். "அந்த உயரமான வண்டியா? அது அந்த வாரமே போயிருச்சு சார். அடுத்தது வர ரெண்டு மாசம் ஆகும்." எங்களுக்கு மீதி இருந்தது பன்னிரண்டு நாள்.

அன்று மாலை அண்ணன் சொன்னான். "இனிமே நீ கத்தாதே. நீ கத்தினாத்தான் என் கால் இறங்குதுன்னு நினைக்கறேன். வாயை மூடிக்கிட்டு நில்லு."

நான் கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். எட்டு நாள். முதல் நாள் ஆறு தடவை கால் வைத்தான். பிறகு மூன்று. பிறகு ஒன்று. ஏழாவது நாள் தொடர்ந்து நான்கு எட்டுப் போட்டான். இறங்கி வந்து என் தலையில் கை வைத்து, "நீ பேசாம இருந்தா உலகத்துல எல்லாமே நல்லா நடக்குதுடா" என்றான்.

மூன்றாவது தேர்வு கெடு முடிய நான்கு நாள் இருக்கும்போது வந்தது. மைதானத்தைச் சுற்றிக் கம்பி வேலி. கூட வந்தவர்கள் வேலிக்கு வெளியே நிற்க வேண்டும். அண்ணி விடுப்புப் போட்டுவிட்டு வந்திருந்தாள். அண்ணன் புறப்பட்டான். முதல் வளைவு சுத்தமாக முடிந்தது. நடுவில் கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தையும் தாண்டினான். இரண்டாவது வளைவிலும் முக்கால்வாசி வந்துவிட்டான். முழங்கால் இரண்டையும் விரித்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, பார்க்கச் சிரிப்பாகக்கூட இருந்தது. தேர்வாளர் தாளில் எழுதத் தொடங்கிவிட்டார்.

பின்சக்கரம் ஒரு சின்னக் கல்லின் மேல் ஏறி வழுக்கியது. பெரிதாக ஒன்றுமில்லை. வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது.

"காலு!" என்று கத்தினேன்.

என் குரல் என் காதில் விழுந்தபோதுதான் கத்தியது தெரிந்தது. அண்ணனின் பாதம் இறங்கியது. வண்டி நட்டு வைத்தது போல அசையாமல் நின்றது.

அண்ணி என்னைப் பார்க்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தபடியே நின்றாள். நான் வேலியைச் சுற்றி உள்ளே ஓடினேன்.

"சார், தப்பு என்னுது. நான் கத்தினேன். அவர் சரியாத்தான் வந்தார்."

தேர்வாளர் பேனாவை மூடினார். "நானும் கேட்டேன். ஆனா கால் அவரோடது சார்."

"இன்னும் கொஞ்ச தூரம்தான் இருந்துச்சு."

"பாத்தேன். நான் என்ன பண்றது? பாக்கலைன்னு எழுத முடியுமா?"

அண்ணன் என் தோளில் கை போட்டு வெளியே கூட்டிவந்தான். "விடுடா. நீ கத்தலைன்னாலும் வெச்சிருப்பேன்" என்றான். அது உண்மையா, எனக்காகச் சொன்னதா என்று இன்றுவரை தெரியாது.

கெடுவை நீட்டித் தரச் சொல்லி ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். மேற்பார்வையாளர் நல்லவர்தான். "கம்பம் இல்லாம எனக்கே கை ஒடிஞ்ச மாதிரி இருக்கும் தம்பி. ஆனா எனக்கு மேல இருக்கறவங்க போட்ட உத்தரவு. நான் எங்க போய் முட்டிக்க?" என்றார். மனுவுக்குப் பதில் வரவில்லை. திங்கட்கிழமை அண்ணன் நிலவறைக்குப் போனான்.

சில வாரம் கழித்து நான் அங்கே போய்ப் பார்த்தேன். சக்கரம் வைத்த நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து, காலால் தரையை உந்தி உந்தி அலமாரிகளுக்கு நடுவே போய்வந்துகொண்டிருந்தான். பழைய சகா ஒருவர் விளக்கு வாங்க வந்திருந்தார். "கம்பத்தைச் சாய்ச்சுட்டாங்கப்பா" என்றார். யாரும் சிரிக்கவில்லை, அவரே சங்கடப்பட்டுக்கொண்டார். அண்ணன் அவர் கொண்டுவந்த சீட்டைப் படித்துவிட்டு, "மூணாவது சந்தா? அங்க சுவர்ல தண்ணி இறங்கும். ஒயரைத் தொடறதுக்கு முன்னால துடைச்சுக்க" என்று சொல்லி விளக்கைக் கொடுத்தான்.

மதியம் சாப்பாட்டு டப்பாவோடு படிக்கட்டில் நின்றுகொண்டே சாப்பிட்டான். அங்கே மட்டும் கூரை உயரம். "இங்க ஒரு இடத்துலதான் நிமிரலாம்" என்றான். நான் இரண்டு படி மேலே நின்றேன், அப்போதும் அவன் கண் என் கண்ணுக்கு மேலேதான் இருந்தது.

கொஞ்ச நாளில் வீட்டிலும் குனிய ஆரம்பித்தான். அவன் வீட்டு வாசல்கள் அவனுக்காகவே உயர்த்திக் கட்டியவை. அண்ணி ஒருநாள் பொறுக்க முடியாமல், "ஏங்க, நம்ம வீட்டுல இடிக்காது. எதுக்குக் குனியறீங்க?" என்றாள். அவன் மேலே நிலையைப் பார்த்தான். "ஆமால்ல?" என்றான். மறுநாளும் குனிந்தான்.

வண்டி என் வீட்டு முற்றத்தில் நின்றது. அவன் வீட்டில் வைக்க இடமில்லை என்று சொன்னான். இடம் இருந்தது.

அப்படி ஒரு வருடத்துக்கு மேல் போனது. அடைமழையாக இருந்த ஒரு மாலை அண்ணன் என் வீட்டுக்கு வந்தான். சட்டை தோளெல்லாம் நனைந்திருந்தது. அவனை முழுதாக மூடுகிற குடை எங்கேயும் கிடைப்பதில்லை. துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே, பெரிய விஷயமில்லாதது போலச் சொன்னான்.

"எங்க பிரிவுல ஒருத்தர் வேலையை விட்டுப் போறார்டா. மேற்பார்வையாளர் கூப்பிட்டுச் சொன்னார். லைசென்ஸ் கொண்டு வந்தா அந்த இடத்தை எனக்கே தர்றாராம். இந்தத் தடவை தேதி கீதி ஒண்ணும் சொல்லலை."

நான் அவனுக்குத் தேநீர் வைக்க எழுந்தேன்.

"இன்னொரு தடவை போலாமா? நீ வேலிக்கிட்டயே வர வேணாம். வீட்டுலயே இரு." சிரித்தான். "பழகறதுக்கு மட்டும் கூட வா. ஒரு பத்து நாள்."

எனக்கு அந்தக் கம்பி வேலிதான் கண்ணில் வந்தது. மறுபடியும் ஏதாவது செய்துவிடுவேன் என்று பயமாக இருந்தது. அதை அவனிடம் சொல்லியிருக்கலாம். நீ வேறு யாரையாவது வைத்துப் பழகிக்கொள் என்றாவது சொல்லியிருக்கலாம். கல்லூரியில் நன்றாக ஓட்டத் தெரிந்தவர்கள் நான்கு பேர் என் அறையிலேயே இருக்கிறார்கள்.

"மழை நிக்கட்டும்ணா" என்றேன். "தரை ஈரமா இருக்கு."

"சரிடா" என்றான். தேநீர் குடித்துவிட்டு, கதவில் குனிந்து வெளியே போனான்.

மழை அந்த வாரமே நின்றுவிட்டது. நான் பேச்சை எடுக்கவில்லை. அவன் எடுப்பான் என்று இருந்தேன். ஒருமுறை கேட்டதை மறுமுறை கேட்கிற ஆளில்லை அவன், அது எனக்குத் தெரியும். இடையில் இரண்டு முறை பார்த்துக்கொண்டோம். அண்ணியின் கண் பரிசோதனை பற்றிப் பேசினோம்.

அந்த மாலைக்குப் பிறகு அவன் பதினேழு நாள் இருந்தான். நாள்காட்டியை வைத்து எண்ணிப் பார்த்தேன். அதில் பதின்மூன்று நாள் நல்ல வெயில்.